பேஸ்மெண்டில் கிடைத்த கமடோர் 64-ஐ எடுத்துக்கொண்டு சங்கத்துக்குப் போனால் என்ன நடக்கும்?

நண்பர் கேட்டிருந்தது சுருக்கமாக இதுதான். டொராண்டோ பக்கம் அவர் வாங்கிய வீட்டின் பேஸ்மெண்டில் ஒரு அட்டைப்பெட்டி கிடந்திருக்கிறது. உள்ளே ஒரு கமடோர் 64 (1980களின் வீட்டுக் கணினி), அதன் பவர் சப்ளை, 1541 டிஸ்க் டிரைவ், ஒரு டப்பா நிறைய ஃப்ளாப்பி டிஸ்குகள். ஊரில் பழைய கமடோர் கணினிகளுக்கென்றே ஒரு சங்கம் இன்னும் நடக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ‘அங்கே என்னதான் செய்வார்கள்? வயதானவர்கள் கூடிப் பழங்கதை பேசும் இடமா? கணினித் துறையில் இல்லாத நான் போனால் மதிப்பார்களா? பெட்டி நல்ல விலைக்குப் போகுமா?’

விலையை முதலில் முடித்துவிடுவோம். பெரிதாகத் தேறாது. ஒரே மாடலில் உலகத்திலேயே அதிகம் விற்ற கணினி என்ற பெயர் இதற்குத்தான். குறைந்தபட்ச மதிப்பீடே 1.25 கோடி. அரிய பொருள் அல்ல. சங்கத்துக்குள் நுழைந்ததும் ‘இது எவ்வளவு போகும்’ என்று ஆரம்பித்தால் நாலு பேர் நாசூக்காக நகர்ந்துவிடுவார்கள். அதே நாலு பேரிடம் ‘இது ஓடுமா’ என்று கேட்டுப் பாருங்கள், நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள்.

இன்னொன்று, இதற்கு மேல் படிக்குமுன். பவர் சப்ளையை இன்னும் சுவரில் செருகவில்லை என்று நம்புகிறேன். செருகாதீர்கள். காரணம் கீழே வருகிறது.

சரி, சங்கம். நீங்கள் கேள்விப்பட்டது டொராண்டோ பெட் யூசர்ஸ் குரூப்பாகத்தான் இருக்கும், டி.பி.யூ.ஜி. என்று சுருக்குவார்கள். 1970களின் இறுதியில் தொடங்கியது. உலகில் இன்றும் இயங்கும் கணினிப் பயனர் சங்கங்களில் மிகப் பழையவற்றில் ஒன்று. பெயரில் இருக்கும் பெட், 1977-இல் கமடோர் வெளியிட்ட கணினி. திரை, விசைப்பலகை, கேசட் ஓட்டி எல்லாம் ஒரே தகர உடம்பில் அடங்கியிருக்கும். இந்த ஊரில் அப்படியொரு சங்கம் முளைத்ததில் ஆச்சரியமில்லை, ஏனென்றால் கமடோர் நிறுவனம் வளர்ந்ததே டொராண்டோவில்தான். போலந்தில் பிறந்து, ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிர் தப்பி வந்த ஜாக் டிரமியல் 1950களில் இங்கே டைப்ரைட்டர் வியாபாரமாக அதை நடத்தினார். அப்புறம் கூட்டல் இயந்திரம், அப்புறம் கால்குலேட்டர். 1976-இல் கணினிக்கு மூளையாகும் 6502 என்ற மலிவு விலை சிப்பைச் செய்த மாஸ் டெக்னாலஜியை விலைக்கு வாங்கினார். அங்கிருந்து கணினிக்கு ஒரே எட்டு. பக்கத்து வாட்டர்லூ பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 1981-இல் சூப்பர்பெட் என்று ஒன்றும் வந்தது. 1980களில் கனடாவில் பள்ளி படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், பெட்டின் பச்சை எழுத்துத் திரை பலருக்கு நினைவிருக்கும்.

அந்தக் காலத்துச் சங்கத்தின் வேலை வேறு. இணையம் கிடையாது. மென்பொருள் வேண்டுமென்றால் கடையில் காசு கொடுக்க வேண்டும், அல்லது பத்திரிகையில் அச்சான நிரலை ராத்திரி முழுக்க உட்கார்ந்து தட்டச்ச வேண்டும். சங்கத்தில் சேர்ந்தால் மூன்றாவது வழி ஒன்று இருந்தது. உறுப்பினர்கள் எழுதி, யாரும் பயன்படுத்தலாம் என்று விட்டுக்கொடுத்த நிரல்களைச் சங்கம் ஒரு நூலகமாகச் சேர்த்து, டிஸ்க் டிஸ்காக நகலெடுத்துக் கொடுத்தது. ஆயிரக்கணக்கில் உறுப்பினர்கள், வெளிநாடுகளிலிருந்தும் சந்தா, சொந்தமாகப் பத்திரிகை எல்லாம் இருந்தது. ஜிம் பட்டர்ஃபீல்ட் என்ற பெயரை அங்கே அடிக்கடி கேட்பீர்கள். டொராண்டோக்காரர். கமடோரின் உள்விவகாரங்களை அந்த நிறுவனத்தின் கையேடுகளைவிடத் தெளிவாக எழுதியவர், மேடையில் பேசியவர். சிப்புக்கு நேரடியாகப் புரியும் மெஷின் லாங்குவேஜ் எழுத உதவும் சூப்பர்மான் என்ற கருவியை எழுதி இலவசமாகவே விட்டுவிட்டார். 2007-இல் காலமானார். அவர் பேச்சைக் கேட்டு நிரல் எழுதக் கற்றவர்கள் இன்றும் கூட்டங்களுக்கு வருகிறார்கள்.

1994 ஏப்ரலில் கமடோர் திவாலானது. சங்கம் திவாலாகவில்லை, வேலைதான் மாறிப்போனது. சர்வீஸ் சென்டர் கிடையாது. சிட் என்ற ஒலி சிப்பையும் விக்-2 என்ற திரை சிப்பையும் இனி யாரும் செய்யப் போவதில்லை. இருக்கிற சிப்புகளும் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன. ஆகவே இன்றைக்கு இப்படிப்பட்ட சங்கம் என்பது முக்கால்வாசி ஒரு பட்டறை. பழங்கதையும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது சால்டரிங் அயர்ன் சூடாகும் இடைவெளியில் நடக்கும்.

இனி உங்கள் பெட்டிக்கு வருகிறேன். அதை மேசையில் வைத்ததும் யாராவது முதலில் கை வைப்பது கணினியில் அல்ல, அந்தக் கனத்த பவர் சப்ளையில்தான். செங்கல் போல இருக்கும்; உறுப்பினர்களும் அதைச் செங்கல் என்றேதான் சொல்வார்கள். உள்ளே எபாக்ஸி பிசின் ஊற்றி இறுக்கி மூடியிருப்பதால் சூடு வெளியேற வழியில்லை. நாற்பது வருடச் சூட்டில் உள்ளே இருக்கும் வோல்டேஜ் ரெகுலேட்டர் சோர்ந்துபோகும். அது வெறுமனே நின்றுபோனால் நஷ்டமில்லை. ஆனால் இந்த மாடலின் வழக்கமே வேறு: 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 6, 7 என்று ஏற்றிவிட்டுத்தான் சாகும். அந்த அதிக வோல்டேஜ் நேரே ராம் எனப்படும் நினைவகச் சிப்புகளுக்குப் போகும். காலையில் ‘ஓடுதா பார்ப்போம்’ என்று ஆர்வத்தில் செருகியவர்கள் மதியம் சோகமாகக் கூட்டத்துக்கு வருவது பழகிப்போன காட்சி.

அதனால் முதலில் மல்டிமீட்டர். கணினியோடு இணைக்காமல், ஏழு முள் கொண்ட அந்த வட்டப் பிளக்கில் இரண்டு அளவு எடுப்பார்கள்: ஒன்று 5 வோல்ட் டி.சி., இன்னொன்று 9 வோல்ட் ஏ.சி. 5 என்பது 5.2-ஐத் தாண்டினால் செங்கலை ஓரமாக வைத்துவிடுவார்கள். சரியாகக் காட்டினாலும் அதை முழுதாக நம்ப மாட்டார்கள். சும்மா இருக்கும்போது ஒழுங்காகக் காட்டிவிட்டு, சுமை ஏறிச் சூடானதும் எகிறும் பெட்டிகள் நிறைய. அதனால் ஒரு ரெசிஸ்டரையோ பழைய பல்பையோ சுமையாகக் கொடுத்து, அரைமணி நேரம் ஓடவிட்டு மறுபடி அளப்பார்கள். என் கருத்து கேட்டால், பழைய செங்கலை இனி எதற்கும் பயன்படுத்தாதீர்கள். புதிதாகச் செய்த பவர் சப்ளை விலைக்குக் கிடைக்கிறது. இந்தப் பொழுதுபோக்கில் நீங்கள் செய்கிற முதல் செலவு அதுவாக இருக்கட்டும்.

நல்ல மின்சாரம் கொடுத்தபின் நீலத் திரையில் 38911 பேசிக் பைட் காலி என்ற அந்த வரி (பேசிக் என்பது அதில் நிரல் எழுதும் எளிய மொழி) வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பெரும்பாலும் வராது. கறுப்புத் திரைதான் வரும். அப்போதுதான் கூட்டம் சூடுபிடிக்கும்.

அடியில் மூன்று திருகு. கழற்றினால் மேல்மூடி விசைப்பலகையோடு சேர்ந்து எழும். கம்பிகளைப் பிடுங்கிவிடாமல் மெதுவாகச் சாய்க்க வேண்டும். உள்ளே போர்டின் மேல் சில மாடல்களில் ஈயத்தாள் ஒட்டிய அட்டை, சிலவற்றில் தகரம். அதை எடுத்தால் சிப்புகள். ஒவ்வொன்றின் முதுகிலும் நான்கு இலக்க எண் இருக்கும், எந்த வருடத்தின் எந்த வாரத்தில் செய்தது என்று. அதை வாசித்தே கணினியின் வயதைச் சொல்லிவிடுவார்கள். ஒரே போர்டில் மூன்று வெவ்வேறு வருடச் சிப் இருந்தால் இதற்கு முன்பே யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கறுப்புத் திரைக்குச் சந்தேகப் பட்டியல் உண்டு. முதல் குற்றவாளி பி.எல்.ஏ. எனப்படும் சிப், சூட்டில் போவதற்குப் பேர்போனது. அடுத்து ராம். அதற்கென்றே சோதனைக் கார்ட்ரிட்ஜ் ஒன்று வைத்திருப்பார்கள். பின்பக்கம் செருகி மின்சாரம் கொடுத்தால் ராம் கெட்டிருக்கும்போது திரை விட்டுவிட்டு மின்னும். எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணினால் எட்டு ராம் சிப்புகளில் எது போய்விட்டது என்று தெரியும். மேசையைச் சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் வாய்விட்டு எண்ணுவார்கள், அதுவே ஒரு கொண்டாட்டம். பிறகு விரலை ஒவ்வொரு சிப்பாக வைத்துப் பார்ப்பார்கள். கெட்டது சில வேளை தொட முடியாத அளவு சுடும். அதன் பதினாறு கால்களையும் ஈயம் உறிஞ்சிக் கழற்றி, சாக்கெட் வைத்து, புதுச் சிப்பை அழுத்த வேண்டும். பொறுமையில்லாமல் இழுத்தால் போர்டின் செம்புத் தடம் பிய்ந்துகொண்டு வரும். இந்தக் கைப்பக்குவம் வீடியோ பார்த்து வராது, பக்கத்தில் நின்று பார்த்துத்தான் வரும். இங்கே வருவதற்கு நல்ல காரணம் அதுவே என்பேன்.

இங்கே ஒரு அபிப்பிராய பேதம் உண்டு. பழைய கணினி என்றாலே கெபாசிட்டர் எனப்படும் மின்சாரம் தேக்கும் பாகங்கள் எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும் என்று ஒரு கட்சி. நான் அந்தக் கட்சி இல்லை. கமடோர் 64-இல் இருப்பவை பெரும்பாலும் இன்னும் திடமாகவே இருக்கின்றன. ஓடிக்கொண்டிருப்பதை எல்லாம் கழற்றி மாட்டினால் புதுப் பழுதுதான் வரும். முதலில் அளக்கலாம், அப்புறம் மாற்றலாம். ஆனால் கமடோரின் பிற்காலக் கணினிகளான அமிகா 600, 1200 போன்றவற்றில் விஷயம் தலைகீழ். அவற்றின் சின்னச் சின்ன கெபாசிட்டர்கள் கட்டாயம் ஒழுகும், போர்டையே அரிக்கும். அவற்றைத் தயங்காமல் மாற்ற வேண்டும். அமிகா 2000-இல் கடிகாரத்துக்காக வைத்த பேட்டரி இன்னும் மோசம். ஒழுகிப் பச்சை பூத்திருக்கும். பேட்டரியை வெட்டி எறிந்துவிட்டு, வினிகரால் துடைத்து, அப்புறம் ஆல்கஹாலால் கழுவ வேண்டும். உங்கள் பேஸ்மெண்டில் அதுவும் கிடந்தால் கூட்ட நாள்வரை காத்திருக்காமல் இன்றைக்கே பேட்டரியை வெட்டிவிடுங்கள்.

பெட் போல உள்ளேயே பிக்சர் டியூப் இருக்கும் கணினியை மட்டும் வீட்டில் திறக்கவே திறக்காதீர்கள். அணைத்துவிட்ட பிறகும் ஆயிரக்கணக்கான வோல்ட் உள்ளே தங்கியிருக்கும்.

மேசையின் அடுத்த பக்கம் டிஸ்க் வேலை நடக்கும். எனக்கு மிகப் பிடித்தது இதுதான். ரிப்பேர் செய்த கமடோர் 64 உலகத்தில் லட்சக்கணக்கில் இருக்கிறது. உங்கள் டப்பாவில் இருக்கும் டிஸ்க் ஒன்றே ஒன்றாக இருக்கக்கூடும்.

1541 விசித்திரமான பிறவி. அது வெறும் டிரைவ் அல்ல. உள்ளே தனியாக ஒரு 6502 சிப்பும் 2 கிலோபைட் ராமும் வைத்த இன்னொரு கணினி. ஆனாலும் நத்தை வேகம். நொடிக்கு முந்நூறு, நானூறு பைட்தான் கணினிக்கு அனுப்பும். ஒரு விளையாட்டு ஏறுவதற்குள் டீ போட்டுக் குடித்துவிடலாம். அடுத்த வம்பு: டிஸ்கைப் படிக்கும் தலை வெளி விளிம்புக்கு வந்துவிட்டதா என்று பார்க்கும் சென்சார் அதில் கிடையாது. சந்தேகம் வந்தால் தலையைக் கொண்டுபோய்த் தடுப்பில் டடடட என்று மோதித் தெரிந்துகொள்ளும். நகலெடுப்பதைத் தடுக்க விளையாட்டு நிறுவனங்கள் வேண்டுமென்றே பிழையான தடங்களை டிஸ்கில் வைத்ததால் இந்த மோதல் ஓயாமல் நடந்தது. மோதி மோதித் தலை வரிசை பிசகிவிடும். அப்புறம் அந்த டிரைவ் தான் எழுதியதைத் தானே படிக்கும், ஊரார் எழுதியதைப் படிக்காது. உங்கள் டிரைவ் அப்படிப் பிசகியிருந்தால் ஸ்டெப்பர் மோட்டாரின் திருகைத் தளர்த்தி, கடையில் வாங்கிய நல்ல டிஸ்க் ஒன்றைப் போட்டு, மயிரிழை மயிரிழையாகத் திருப்பிச் சரிசெய்ய ஆள் உண்டு.

டிஸ்கை டிரைவில் போடுமுன் சன்னல் வழியாகத் தெரியும் பழுப்பு வட்டைக் கையால் சுற்றிப் பார்ப்பார்கள். வெள்ளைப் புள்ளியோ வளையமோ இருந்தால் பூஞ்சை. பேஸ்மெண்டில் கிடந்தவற்றில் இது சகஜம். பூஞ்சை பிடித்த டிஸ்கை அப்படியே ஓட்டினால் அழுக்கு தலையில் அப்பிக்கொள்ளும், அடுத்துப் போடும் நல்ல டிஸ்கையும் கீறிவிடும். ஆகவே உறையை ஓரமாகப் பிரித்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சு நனைத்துத் துடைத்து, காயவைத்து, பிறகுதான் படிப்பார்கள். அதோடு ஓரத்து வெட்டில் ஒரு ஒட்டுத்தாள். அது இருந்தால் டிரைவ் தவறிப்போய்க்கூட எதையும் மேலே எழுதாது.

சாதாரண பி.சி.யின் பழைய ஃப்ளாப்பி டிரைவால் இவற்றை நேரடியாகப் படிக்க முடியாது. கமடோர் பதிவுசெய்த முறையே வேறு. ஜூம்ஃப்ளாப்பி என்ற சிறு பலகை வழியாக 1541-ஐ யூ.எஸ்.பி.யில் இணைத்துப் படிப்பார்கள். நகல் தடுப்பு உள்ள டிஸ்க் என்றால் கிரையோஃப்ளக்ஸ் அல்லது கிரீஸ்வீசல் என்ற கருவியை வைத்து டிஸ்கின் காந்த மாற்றங்களையே அப்படியே பதிவு செய்வார்கள். சாதாரண டிஸ்கின் ஒரு பக்கம் முழுவதும் கடைசியில் டி64 என்ற ஒரே கோப்பாக, 174,848 பைட்டாக, உங்கள் கையில் வரும். இன்றைய போனில் எடுக்கும் ஒரு படம் இதைவிடப் பத்து மடங்கு பெரிது.

படித்தபின் என்ன வரும் என்று சொல்ல முடியாது. முக்கால்வாசி விளையாட்டு நகல்கள்தான். நடுவில் யாரோ ஒரு பையன் எழுதிய பேசிக் நிரல், பள்ளிக் கட்டுரை, வீட்டு வரவுசெலவு. கடிதங்களும் வரும். முந்தைய வீட்டுக்காரரின் டிஸ்க் என்றால் அந்தரங்கமானவை இருக்கலாம். பொறுப்பான சங்கத்தில் எல்லோர் முன்னாலும் அவற்றைத் திரையில் ஓட்ட மாட்டார்கள், பட்டியலைப் பார்த்துவிட்டு உங்களிடம் கேட்பார்கள். வீட்டை விற்றவரின் முகவரி உங்களிடம் இருந்தால் அவருக்கு ஒரு வரி எழுதிக் கேட்பது மரியாதை.

மற்றவை சுருக்கமாக. மஞ்சளித்துப்போன பிளாஸ்டிக்கை ஹைட்ரஜன் பெராக்ஸைடு பூசி வெயிலில் வைத்து வெளுப்பாக்குவது பலருக்குப் பிரியமான வேலை, ரெட்ரோபிரைட் என்பார்கள். முடிக்குச் சாயம் போடுமிடத்தில் கிடைக்கும் கிரீமே போதும். படத்துக்கு அழகாக இருக்கும். ஆனால் சமமாகப் பூசாவிட்டால் திட்டுத்திட்டாக வெளுக்கும், சில வருடத்தில் மஞ்சளும் திரும்பி வரும். சோப்புத் தண்ணீரில் கழுவியதோடு விட்டுவிடுங்கள் என்பேன்.

புதுக் கருவிகளைக் காட்டுவதும் நடக்கும். மெமரி கார்டில் ஆயிரக்கணக்கான டிஸ்குகளை அடக்கி 1541 இருக்க வேண்டிய இடத்தில் செருகும் எஸ்டி2ஐஇசி மலிவானது. ஆனால் அது உண்மையான 1541-இன் உள்கணினியைப் போல நடிக்காது. வேகமாக ஏற்றும் தந்திரம் செய்யும் நிரல்கள் அதில் தடுமாறும். அவற்றுக்குப் பை1541, 1541 அல்டிமேட் போன்றவை வேண்டும். கமடோர் வெளியிடாமலே கைவிட்ட 65 என்ற மாடலை ஆர்வலர்களே மெகா65 என்று மறுபடி உருவாக்கி விற்கிறார்கள். கமடோர் என்ற பெயரையே 2025-இல் ஆர்வலர் தரப்பு ஒன்று வாங்கி, புதுக் கமடோர் 64 அறிவித்தது. இதெல்லாம் தேவையா என்று அங்கே காரசாரமாக வாதாடுவார்கள். உங்களுக்கு இப்போதைக்கு எஸ்டி2ஐஇசி போதும்.

ஐரோப்பாவிலிருந்து யாராவது கணினி கொண்டு வந்திருந்தால் ஒரு தனிக் கூத்து. அங்கே மின்சாரம் 230 வோல்ட், தொலைக்காட்சி முறை ‘பால்’, நொடிக்கு 50 படம். இங்கே 120 வோல்ட், ‘என்.டி.எஸ்.சி.’, நொடிக்கு 60. அங்கே எழுதிய விளையாட்டு இங்கே வேகம் கூடி ஓடும், பாட்டு அவசரமாக ஒலிக்கும். திரையின் ஒவ்வொரு கோட்டையும் எண்ணி எழுதிய, கணினியின் திறமையைக் காட்டும் டெமோ நிரல்களோ அலங்கோலமாகிவிடும், ஏனென்றால் அங்கே ஒரு படத்துக்கு 312 கோடு, இங்கே 263.

நிரல் எழுதுவதும் உண்டு. உங்களுக்கு ஒரு யோசனை சொல்கிறேன், நான் ஒருமுறை இதைச் செய்துகாட்டியபோது நல்ல வரவேற்பு. கமடோர் 64-இன் எழுத்துத் தொகுப்பை நாமே வரைந்து மாற்றிக்கொள்ளலாம். மொத்தம் 256 எழுத்து, ஒவ்வொன்றும் 8-க்கு 8 புள்ளிக் கட்டம், ஒரு வரிசைக்கு ஒரு பைட். எங்கிருந்து எழுத்தை எடுப்பது என்பதை 53272 என்ற முகவரியில் ஒரு எண்ணைப் போட்டு மாற்றலாம். அங்கே தமிழை வரையுங்கள். ட, ப, ம எல்லாம் சுகமாக உட்காரும். ண வந்ததும் எட்டுப் புள்ளி அகலத்தில் மூன்று சுழியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இரண்டு கட்டத்தைச் சேர்த்து ஒரே எழுத்தாக வரைய வேண்டியதுதான். 247 எழுத்தும் தேவையில்லை. கால், கொம்பு, கொக்கிகளைத் தனித்தனியாக வைத்துக்கொண்டால் நூற்றுக்குள் முடிந்துவிடும். உங்கள் பிள்ளைக்குக் கொடுத்துப் பாருங்கள், பிக்சல் என்றால் என்ன என்று விளக்க வேறெதுவும் வேண்டாம்.

இந்தியாவில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு இடைச்செருகல். 1984-85-இல் தொடங்கிய, பள்ளிகளில் கணினி கற்பிக்கும் கிளாஸ் திட்டத்தில் இந்தியப் பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ என்ற பிரிட்டிஷ் கணினிகள் வந்தன. உங்கள் பழைய பள்ளியின் ஸ்டோர் ரூமில் ஒன்று தூங்கிக்கொண்டிருக்கலாம். அதையும் உடனே செருகாதீர்கள். அதன் பவர் சப்ளையில் இருக்கும் காகிதக் கெபாசிட்டர் வெடித்து நாற்றப் புகை விடுவது அந்த மாடலின் வழக்கம். கணினிக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அறையில்தான் இருக்க முடியாது.

வருடாந்தரக் காட்சி ஒன்றும் இருக்கிறது, வேர்ல்ட் ஆஃப் கமடோர். 1983-இல் தொடங்கி, கமடோர் கொடிகட்டிப் பறந்த காலத்தில் பெரிய வணிகக் காட்சியாக நடந்தது. பிறகு நின்றுபோனதை 2004-இல் சங்கமே எடுத்து மறுபடி நடத்தத் தொடங்கியது. அளவில் சிறியது. பேச்சு, செய்துகாட்டல், விற்பனை மேசை எல்லாம் ஒரே கூரையின் கீழ். வழக்கமாக டிசம்பர் தொடக்கத்தில் வரும். முதல் முறை போகிறவர்களுக்கு மாதக் கூட்டத்தைவிட இதுவே சுலபம், கூட்டத்தில் கலந்துவிடலாம். மாதக் கூட்டத்தின் நாளும் இடமும் மாறக்கூடும், சங்கத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதிப்பார்களா என்று கேட்டிருந்தீர்கள். உங்களுக்கு எதுவும் தெரியாது என்பதே அங்கே நல்ல அறிமுகம். தெரிந்த விஷயத்தைச் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்காமல் தவிப்பவர்கள் அங்கே நிறைய. மெஷின் லாங்குவேஜ் என்று ஆரம்பித்துத் தலைசுற்ற வைப்பவர் ஒருவராவது எந்தச் சங்கத்திலும் இருப்பார். அவரிடம் சிக்கினால் ‘என் டிரைவைக் கொஞ்சம் பாருங்களேன்’ என்று பேச்சை மாற்றுங்கள். வயது பற்றி நீங்கள் நினைத்தது ஓரளவு சரிதான், நரைத்த தலைகள் அதிகம். ஆனால் கமடோர் திவாலான பிறகு பிறந்தவர்களும் வருகிறார்கள். சிட் சிப்பின் ஒலிக்காக வரும் இசைப் பித்தர்கள் ஒரு தனி ரகம்.

பெட்டியைத் திருப்பிக் கொண்டுவர விருப்பமில்லை என்றாலும் குப்பையில் போடாதீர்கள். சங்கத்துக்கே கொடுத்துவிடலாம், செத்த போர்டிலிருந்துகூட நல்ல சிப்பைக் கழற்றிக்கொள்வார்கள்.

போகும்போது கணினி, செங்கல், டிரைவ், அதன் வட்ட முனைக் கேபிள் நான்கையும் எடுத்துச் செல்லுங்கள். மானிட்டரைத் தூக்க வேண்டாம், அங்கே இருக்கும். கணினியின் பக்கவாட்டில் ஜாய்ஸ்டிக் செருகும் இடத்து முள்களை விரலால் தொடாதீர்கள். குளிர்காலத்துக் காய்ந்த காற்றில் கம்பளிச் சட்டையோடு தொட்டால் ஸ்டாட்டிக் மின்சாரமே உள்ளிருக்கும் சிப்பைக் கொன்றுவிடும். டிஸ்க் டப்பாவைக் கார் ஹீட்டர் பக்கமும் ஸ்பீக்கர் பக்கமும் வைக்காதீர்கள். டிஸ்குகளை முதல் நாளே இரண்டாகப் பிரித்து வையுங்கள்: அச்சிட்ட லேபிள் உள்ளவை ஒரு பக்கம், பேனாவால் எழுதியவை ஒரு பக்கம். அச்சிட்டவற்றின் நகல் பெரும்பாலும் ஏற்கெனவே யாரிடமாவது இருக்கும். படிக்க நேரம் குறைவாக இருந்தால் பேனாவால் எழுதியவற்றை முதலில் கொடுங்கள். டிசம்பரில் போவதாக இருந்தால் காரின் டிக்கியில் உறைந்து கிடந்த கணினியை உள்ளே கொண்டுபோனதும் இயக்க விடாதீர்கள். உள்ளே ஈரம் கோத்திருக்கும். ஒரு மணி நேரமாவது அறைச் சூட்டில் கிடக்கட்டும், அதற்குள் மற்ற மேசைகளை ஒரு சுற்று பார்த்துவிடலாம்.